நீர்மூழ்கிக் கப்பலின் கைச்சுக்கான்

மயிலிட்டித் துறையிலிருந்து புறப்பட்ட வள்ளத்தின் சுக்கான் நடுக்கடலில் முறிந்தால், வள்ளக்காரர் துடுப்பொன்றைப் பின்புறத்தே இறக்கி அதனையே சுக்கானாகக் கொள்வர். காற்றுண்டு, வெளிச்சமுண்டு, ஆற அமரச் சிந்திக்க நேரமும் உண்டு. நீருக்கடியிற் செல்லுங் கப்பலில் இதே விபத்து நேரின் செய்வது யாது?

இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலை பிரித்தானிய நீர்மூழ்கிகளின் தளமாய் விளங்கியது. எதிர்ப்புறத்தே, பினாங்கைத் தளமாகக் கொண்டு ஜேர்மன் நீர்மூழ்கிகள் இந்துசமுத்திரத்தில் உலவின. அவற்றுட் பல, ஜேர்மனியர் ஒன்பதாம் வகை எனக் குறித்த பெரிய கப்பல்கள்.

இவ்வகைக் கப்பலை இடமும் வலமுந் திருப்புவது சுக்கான். மேலுங் கீழுஞ் செலுத்துபவை, மீனின் செட்டைகளைப் போல முன்னும் பின்னும் அமைந்த கிடைத்தகடுகள். மாலுமி பொத்தானை அழுத்துவான்; மின்மோட்டார் அவற்றை அசைக்கும். ஆயின் நீரடிக் குண்டொன்று அருகே வெடித்து மின்சாரம் அறுந்ததென வைத்துக்கொள்வோம். தகடுகள் கீழ்நோக்கியபடியே நின்றுவிட, கப்பல் 20 பாகை கவிழ்ந்து மணிக்கு 7 கடல்மைல் வேகத்தில் இறங்குமானால், ஒரே நிமிடத்தில் 70 மீற்றருக்கு மேல் ஆழ்ந்துவிடும். மூன்று நிமிடத்தில் 200 மீற்றர்! அதற்கப்பால் நீரின் அழுத்தமே கப்பலை நசுக்கிவிடக்கூடும்.

இதற்காகவே கட்டளை அறையிற் பெரிய கைச்சக்கரங்களை வைத்தனர். பற்சக்கரங்களும் தண்டுகளும் மனிதனின் கைவலிமையைப் பெருக்கித் தகடுகளுக்குச் சேர்ப்பிக்கும். வலிமை பெருகுமளவுக்கு வேகங் குறையுமாதலால், சக்கரத்தைப் பல முறை சுற்றினாலன்றித் தகடு சிறிதும் அசையாது. வியர்த்து விறுவிறுக்கும் வேலைதான். எனினும் உயிர் அதிலேயே தங்கியிருந்தது. சுக்கானுக்குரிய கைப்பொறியோ பின்கோடியில், டோர்ப்பிடோ அறையில் இருந்தது.

அப்பொறியின் பயன் எதிரியின் கையிலே வெளிப்பட்டமை விந்தையே. 1944 யூன் 4ஆம் நாள், ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பால், இவ்வகையைச் சேர்ந்த யு-505 என்னுங் கப்பலை அமெரிக்கர் குண்டெறிந்து மேலே வரச் செய்தனர். ஜேர்மன் மாலுமிகள் கடலிற் குதித்தனர். சுக்கான் வலப்புறம் இறுகிநின்றமையால் ஆளற்ற கப்பல் வட்டமிட்டுக்கொண்டேயிருந்தது. அமெரிக்கர் சிலர் உள்ளே பாய்ந்து, புகும் நீரை அடைத்தனர். இழுத்துச் செல்ல முயன்றபோதோ, கோணிய சுக்கான் கப்பலை ஒருபுறமாய் ஈர்த்தது.

பின்னறைக் கதவில் வெடிபொறி இருக்கலாமென்ற ஐயம் எழுந்தது. படைத்தலைவர் டானியல் கலரி தாமே சென்று அக்கதவைத் திறந்தார். வெடி இல்லை. கைப்பொறியை இயக்கிச் சுக்கானை நேராக்கினர். கப்பல் ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. 1954 முதல் அது சிக்காகோ நகரின் நூதனசாலையில் இருக்கின்றது.