மனக்கலக்கத்திற்கும் வைத்தியம் உண்டு

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட வரும் ஆய்வாளனாகிய நான், இம்முறை என் சொந்தக் கணக்கு ஒன்றை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டில் தணிக்கை நெருங்கிய நாட்களில், நள்ளிரவில் எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல்கள் நடுங்கும். பிழை ஏதும் இல்லை என்று அறிந்தும், எழுந்து உட்கார்ந்து பழைய கணக்கையே மறுபடியும் கூட்டிப் பார்ப்பேன். நாளடைவில் சங்கங்களுக்குச் செல்லவே அஞ்சி, விடுப்பு எடுக்கலானேன்.

இருதய நோய் என்று எண்ணி மருத்துவரிடம் சென்றேன். அவர் இருதயத்தையும் இரத்தத்தையும் தைராய்டு சுரப்பியையும் சோதித்தார். இது முறையே, தைராய்டு மிகுதியும் இரத்தசோகையும் இதே குறிகளைக் காட்டக்கூடும். அவற்றில் குறை காணாமையால், மனநல மருத்துவரைப் பார்க்குமாறு சீட்டு எழுதித் தந்தார். அச்சீட்டை 18 நாட்கள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். தெரிந்தவர் எவரேனும் கண்டால் என்ன நினைப்பாரோ என்ற வெட்கமே காரணம்.

அங்கே எனக்குக் கிடைத்தது பேச்சு வழியிலான சிகிச்சை. வாரம் ஒரு முறை, 45 நிமிடம். அச்சம் தரும் எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஒருமுறை சரிபார்த்த கணக்கை மீண்டும் தொடலாகாது. ஒதுக்கி வந்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகச் சென்று பழகவேண்டும். ரசீது இல்லாத செலவை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத நான், சான்றில்லாத அச்சத்தை இத்தனை நாள் ஒப்புக்கொண்டிருந்தேன்! 12 வாரங்களில் உறக்கம் திரும்பியது. படபடப்பு இன்றும் சில வேளை வரும். அதற்காக விடுப்பு எடுப்பதில்லை. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

மழையை எதிர்நோக்கும் விவசாயிக்கும் கூலியை எதிர்நோக்கும் நெசவாளருக்கும் கவலை இயல்பே. அது பல வாரங்கள் நீடித்து, உணவும் உறக்கமும் தொழிலும் கெடுமாயின் வைத்தியம் வேண்டும். கடனும் வறட்சியும் வைத்தியத்தால் தீரமாட்டா. அவற்றை நேர்நின்று சமாளிக்கும் தெளிவு திரும்பும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்த பின்னரே மேலே நெய்கிறோம். அதில் அவமானம் என்ன இருக்கிறது?

அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயாளியின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கும் உரிமை.

ஆகவே, கையில் சீட்டுக் கிடைத்த அன்பர்கள் என்னைப்போல் 18 நாட்கள் காத்திராது, மறுநாளே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.