பெரியவருக்குப் பின்னால் எவ்வளவு தூரம்?

மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கும் வரை, துணி மூட்டையோடு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதென்றால் நான் பாதையில்தான் வாவியைக் கடப்பேன். இயந்திரப் படகொன்று விரைந்து போகும். அது போன பிறகுதான் அதன் அலை வந்து சேரும். எங்கள் பாதை இலேசாக ஆடும். பக்கத்தில் நிற்கும் சிறு தோணியோ கவிழப் பார்க்கும்.

ஆகாயத்திலும் இதே கதைதான். விமானத்தின் இரண்டு இறக்கை நுனிகளிலிருந்தும் காற்று சுருண்டு சுழல்கிறது. பாரம் கூடக்கூட சுழலின் பலமும் கூடும். கண்ணுக்குத் தெரியாமல் அது மெல்லக் கீழிறங்கும்.

2017 ஜனவரி 7ஆம் திகதி, மாலைதீவிலிருந்து ஜெர்மனிக்குப் போன சிறிய ஜெட் ஒன்றின் மேலே, அரபிக் கடலில், 1,000 அடி உயரத்தில் ஏ380 விமானம் எதிரே கடந்து சென்றது. அதன் சுழலில் அகப்பட்ட சிறிய விமானம் உருண்டு, சுமார் 9,000 அடி கீழே வந்தது. மஸ்கட்டில் இறக்கி உயிர்களைக் காப்பாற்றினார்கள். விமானம் மறுபடி பறக்கவில்லை.

இதற்காகவே சர்வதேச விதி உண்டு. 136,000 கிலோவோ அதற்கு மேலோ உள்ள விமானத்தின் பின்னே, அதே ரகம் இறங்க 4 கடல்மைல் இடைவெளி போதும். நடுத்தர விமானத்துக்கு 5. நமது திமிலைதீவு ஓடுபாதைக்கு ஏற்ற செஸ்னா கரவன் போன்ற, 7,000 கிலோவுக்குட்பட்ட சிறியதற்கு 6. பின்னால் வருபவர் சிறியவரென்றால் தூரம் கூட வேண்டும்.

அதற்காக அளவின்றித் தள்ளி நிற்பதும் நட்டமே. இறங்கும் விமானங்கள் குறைந்துவிடும். எதிர்க்காற்று பலமாக வீசும்போது சுழல் சீக்கிரம் கலையும். அதைக் கணக்கிட்டு, லண்டன் ஹீத்ரோவில் 2015 முதல் தூரத்துக்குப் பதிலாக நேரத்தால் இடைவெளி அளக்கிறார்கள்.

ஒரு பெருநாள் சீசனில், கொழும்பின் பெரிய மொத்த வியாபாரி ஒருவர் வாங்கிய அதே ரகத்தை நானும் 60 நாள் செக்குக்கு அள்ளினேன். பெருநாளைக்கு இரண்டு வாரம் இருக்க அவர் விலையை இறக்கினார். அவருக்கு இலேசான ஆட்டம். நான் மனைவியின் மாலையை விற்றுத்தான் செக்கைக் காப்பாற்றினேன்.

அன்றிலிருந்து ஒரு கணக்குப் பார்க்கிறேன். விலை கால்வாசி விழுந்தாலும் என் கைக்காசால் அந்தச் செக்கைத் தீர்க்க முடியுமா? முடியாதென்றால் சரக்கைக் குறைத்து எடுப்பேன். கடையை மூட மாட்டேன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்லவே.