பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் சூது
இணைய விளையாட்டுகளின் ‘அதிர்ஷ்டப் பெட்டி’ பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது?

 

 

சூதாட்டம் ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. பணம் வைத்துச் சீட்டாடுபவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். குதிரைப் பந்தயத்தின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை விதித்தபோது, கூலியைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆண்களின் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

ஆனால் வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட அந்தத் தீமை வேறோர் உருவில் கைபேசிக்குள் புகுந்து, நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் வந்து அமர்ந்திருக்கிறது. லாட்டரிக்காவது ஒரு கடை வேண்டும், கடைக்காரர் வேண்டும், வாங்குபவரை நாலு பேர் பார்ப்பார்கள். இதற்கு எதுவும் தேவையில்லை. சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் உள்ள நமது பொம்மிடியில் ஒரு சிறுவன் போர்வைக்குள் படுத்தபடி திறக்கும் பெட்டியும், சென்னையிலும் டோக்கியோவிலும் இருக்கும் சிறுவன் திறக்கும் பெட்டியும் ஒன்றேதான்.

அந்தப் பெட்டி என்ன? அது சூதாட்டத்தில் சேருமா, சேராதா? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கவிருக்கிறோம்.

பெட்டியின் அமைப்பு

இன்று பிள்ளைகள் ஆடும் இணைய விளையாட்டுகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. விளையாட்டுக்குள் சில பொருட்கள் விலைக்கு வைக்கப்பட்டிருக்கும்: வீரனுக்கு ஒரு புதிய உடை, துப்பாக்கிக்கு ஒரு புதிய வண்ணம், ஓர் அபூர்வமான ஆட்டக்காரர். இவற்றில் சிலவற்றை நேரடியாக விலை கொடுத்து வாங்கலாம். வேறு சிலவற்றை அப்படி வாங்க முடியாது. ‘கிரேட்’ என்றோ, ‘லூட் பாக்ஸ்’ என்றோ, சுழலும் சக்கரம் என்றோ ஒன்றை வைத்திருப்பார்கள். காசு கொடுத்து அதைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத ஒன்று வரும். மிக அரிதாக எல்லோரும் விரும்பும் பொருள் வரும்.

இதில் ரூபாய் நேரடியாகக் கண்ணில் படுவதில்லை. முதலில் ரூபாயைக் கொடுத்து ‘டைமண்ட்’, ‘யூசி’ போன்ற விளையாட்டு நாணயத்தை வாங்க வேண்டும். பின்பு அதைக் கொண்டு பெட்டியைத் திறக்க வேண்டும். ஐம்பது ரூபாய்த் தாளைக் கையிலிருந்து கொடுக்கும்போது மனம் யோசிக்கும். ஐம்பது வைரம் போனால் யோசிப்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டியின் விலை 50 ரூபாய் என்றும், விரும்பிய பொருள் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் கிடைத்துவிடும் என்றுதான் பிள்ளை எண்ணுவான். உண்மை அதுவல்ல. நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், அவர்களில் ஏறத்தாழ 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. ஒவ்வொருவரும் 5,000 ரூபாய் கொடுத்திருப்பர். ஒவ்வொரு பெட்டியும் புதிய பெட்டியே. முன்பு தோற்றதை அது நினைவில் வைத்திருப்பதில்லை.

மைஸிர் என்றால் என்ன?

திருக்குர்ஆன் 2:219, 5:90, 5:91 ஆகிய வசனங்களில் ‘மைஸிர்’ பற்றிப் பேசுகிறது. மைஸிர் எனும் சொல் எளிமையைக் குறிக்கும் மூலத்திலிருந்து பிறந்தது என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம். உழைக்காமல், எளிதாகப் பொருளை அடைய முயல்வதால் அப்பெயர் வந்தது என்பர்.

அறியாமைக் கால அரபியர் ஆடிய மைஸிரை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கு வைப்பார்கள். ஒரு பையில் பத்து அம்புகளைப் போட்டுக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகளுக்கு ஒன்றுமில்லை. வெற்று அம்பு எவர் பெயரில் வந்ததோ, அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக் கொள்வார்கள்.

இதை நன்கு கவனியுங்கள். வென்றவரின் கையில் காசு சேரவில்லை. அவருக்குக் கிடைத்தது பெருமை மட்டுமே. ஏழைகளுக்கு நன்மையும் இருந்தது. ஆயினும் அது மைஸிர்தான், அது தடுக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாபியீன்களில் முஜாஹித் (ரஹ்), அதாஉ (ரஹ்) போன்றோர், சிறுவர்கள் கொட்டைகளைப் பணயமாக வைத்து ஆடுவதையும் மைஸிரில் சேர்த்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. கொட்டைக்கு என்ன பெரிய விலை? ஆனால் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை அப்பெரியோர்கள் அறிந்திருந்தார்கள்.

கல்லெறி வியாபாரம்

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ‘பைஉல் ஹஸாத்’ எனும் கல்லெறி வியாபாரத்தையும், ‘கரர்’ எனும் நிச்சயமற்ற வியாபாரத்தையும் தடுத்துள்ளார்கள் என்பது அதன் கருத்து.

கல்லெறி வியாபாரத்திற்கு மார்க்க அறிஞர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று இது: பல துணிகளைப் பரப்பி வைத்து, வாங்குபவர் ஒரு சிறு கல்லை எறிவார். கல் எந்தத் துணியின் மீது விழுகிறதோ அது அவருக்கு. விலை முன்பே பேசப்பட்டது. நல்ல துணி மீது விழுந்தால் அவருக்கு இலாபம். கிழிசல் மீது விழுந்தால் நட்டம்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தடுக்கப்பட்ட அந்த வியாபாரத்திற்கும் இன்றைய பெட்டிக்கும் என்ன வேறுபாடு? அங்கே கல்லை எறிந்தது கை. இங்கே கணினி எறிகிறது. அங்கே துணிகளாவது கண்ணுக்குத் தெரிந்தன, இங்கே அதுவுமில்லை.

ஆகவே இப்பெட்டிக்கு எதிராக இரண்டு காரணங்கள் நிற்கின்றன. காசு கொடுத்து, இலாபமா நட்டமா என்பதை வாய்ப்பிடம் விட்டுவிடுவதால் அது மைஸிரின் தன்மையைப் பெறுகிறது. “விற்பவர் ஒருபோதும் தோற்பதில்லை; எனவே இது இருதரப்புப் பந்தயம் ஆகாது” என்று ஒருவர் வாதிட்டாலும், என்ன பொருள் என்றே தெரியாமல் விற்பதால் கரர் எனும் தடையிலிருந்து அவர் தப்ப முடியாது.

மூன்று மறுப்புகள்

“ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஒன்று கிடைக்கிறதே! வெறுங்கையோடு யாரும் போவதில்லையே!” என்பது முதல் மறுப்பு. லாட்டரிச் சீட்டு ஒவ்வொன்றுடனும் ஒரு மிட்டாய் கொடுத்திருந்தால் லாட்டரி ஹலாலாகி இருக்குமா? வாங்கியவர் பணம் கொடுத்தது மிட்டாய்க்காக அல்ல.

“கிடைத்ததைக் காசாக மாற்ற முடியாதே!” என்பது இரண்டாவது. ஒட்டக இறைச்சியை நினைவு கொள்ளுங்கள். மேலும், அப்பொருளுக்கு மதிப்பு உண்டென்றால் அதை அடைய வாய்ப்பில் பணம் வைப்பது சூதின் பக்கம் சேர்கிறது. மதிப்பே இல்லையென்றால் பணத்தை வீணாக எறிவது 17:27 வசனம் கண்டிக்கும் வீண்விரயத்தில் சேர்கிறது.

“சோப்பு வாங்கினால் பரிசுக் கூப்பன் தருகிறார்கள், அதுவும் ஹராமா?” என்பது மூன்றாவது. இது நியாயமான கேள்வி. சோப்பு நமக்குத் தேவை. அதன் விலை கூப்பனுக்காகக் கூட்டப்படவில்லை. கூப்பன் இல்லாவிட்டாலும் அதை வாங்கியிருப்போம் என்றால், சமகால அறிஞர்கள் பலர் அதை அனுமதிக்கின்றனர். கூப்பனுக்காகவே தேவையற்ற சோப்பை வாங்கிக் குவித்தால் நிலை மாறிவிடும். பெட்டியிலோ சோப்பே இல்லை. கூப்பன் மட்டுமே இருக்கிறது.

உலக நாடுகளின் நிலை

மார்க்கத்தைப் பின்பற்றாத நாடுகளும் இதைக் கண்டு அஞ்சுகின்றன. ஜப்பானில் 2012-ல், பெட்டிகளைத் திறந்து ஒரு தொகுதியை முழுமையாகச் சேர்த்தால் பெரும் பரிசு எனும் முறை சட்டத்திற்குப் புறம்பானது என அறிவிக்கப்பட்டது. சீனா 2017 முதலும், தென்கொரியா 2024 மார்ச் முதலும், எந்தப் பொருள் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிடக் கட்டாயப்படுத்தின. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் பல விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டமே என்று கூறியது. அதன் விளைவாக ‘ஃபிஃபா’ விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் 2019 ஜனவரியில் அந்நாட்டில் விளையாட்டு நாணய விற்பனையை நிறுத்தியது.

எதிர்க்கருத்தும் உண்டு. நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022-ல் அதே நிறுவனத்தின் மீதான அபராதத்தை நீக்கியது. பிரிட்டன் அரசு 2022-ல், சூதாட்டச் சட்டத்தை இதற்காக மாற்றப் போவதில்லை என்றது. ஆனால் பிரிட்டன் ஆய்வாளர்கள் 7,000-க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு, பெட்டிகளுக்கு அதிகம் செலவிடுவோரிடம் சூதாட்டச் சிக்கலும் அதிகம் காணப்படுவதை எடுத்துக்காட்டியது. எது எதற்குக் காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்ந்தாலும், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே காணப்படுகின்றன.

நம் தமிழகத்தில் இணைய ரம்மிக்கு எதிராக 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022-ல் நிறைவேற்றப்பட்ட புதிய சட்டமுன்வரைவுக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் வாய்ப்பு விளையாட்டுகள் எனும் பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆதாயத்தை எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்தது.

இவ்வழக்குகளிலும் சட்டங்களிலும் முன்னே நின்றது ரம்மி போன்ற பண விளையாட்டுகளே. பிள்ளைகளின் பெட்டி அந்தப் பேச்சில் பின்னே நின்றுவிட்டது. நாட்டுச் சட்டம் வந்து தடுக்கும்வரை காத்திருப்பது முஸ்லிமுக்கு அழகல்ல.

எது கூடும்? எது கூடாது?

விளையாட்டு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து ஹராம் என்று கூறிவிடுவது நேர்மையாகாது. காசு கொடுத்து, உள்ளே இருப்பது தெரியாத பெட்டியைத் திறப்பது தடுக்கப்பட்டதாகும். இன்ன பொருள், இன்ன விலை என்று தெரிந்து வாங்குவது சூதாட்டத்தில் சேராது. அதில் பார்க்க வேண்டியவை வீண்செலவும் பொருளின் தன்மையும். காசு எதுவும் கட்டாமல் ஆடியதற்காகக் கிடைக்கும் இலவசப் பெட்டியில் பணயம் இல்லை. ஆயினும் அடுத்த பெட்டியை விலைக்கு வாங்கச் செய்யும் தூண்டில் அதுவே என்பதை மறவாதீர். எந்த விளையாட்டானாலும் அது தொழுகையைத் தவறச் செய்தால், அந்தக் காரணத்தாலேயே அது கண்டிக்கத்தக்கது.

கைபேசிக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுவர்கள் காசைக் கொண்டுவந்து விளையாட்டு நாணயம் ஏற்றித் தரும்படி கேட்பார்கள். அது பெட்டி திறக்கவே என்று தெரிந்தால், சில ரூபாய்க் கமிஷனுக்காகப் பாவத்தில் துணை நிற்காதீர்கள். 5:2 வசனம் நமக்கு இடும் கட்டளை அதுதான். அந்தக் காசு தந்தையின் சட்டைப் பையிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

பெற்றோரின் பொறுப்பு

பருவமடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. கேள்வி நம்மிடம்தான் கேட்கப்படும். வாழ்க்கைக்கு ஆதாரமாக அல்லாஹ் ஆக்கியுள்ள செல்வத்தை அறிவு முதிராதவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று 4:5 வசனம் தடுக்கிறது. அதே வசனம், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல சொல்லையே சொல்லுமாறும் ஏவுகிறது. பணத்தில் இறுக்கம், பேச்சில் கனிவு என்பதே இதில் நமக்குக் கிடைக்கும் பாடம்.

எனவே, பணம் அனுப்பும் செயலியின் இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி கைபேசியை அமைத்து வையுங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படியுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்து, தாய்க்கு இவை புரியாத வீடுகளில் மாமாவோ மூத்த சகோதரரோ இப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

பணம் போனது தெரிந்ததும் பிள்ளையை அடித்துக் கைபேசியை உடைப்பது தீர்வாகாது. அடுத்த முறை அவன் இன்னும் திறமையாக மறைப்பான். அருகில் அமர்த்தி, அந்த நூறு பெட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒட்டகத்தையும் அம்புகளையும் கதையாகச் சொல்லுங்கள். “வா, சூதாடுவோம்” என்று தோழனை அழைத்தவர்கூட தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. பெட்டிக்குப் போன ஐம்பது ரூபாய்க்குப் பதிலாக ஐந்து ரூபாயை அவன் கையாலேயே ஓர் ஏழைக்குக் கொடுக்கச் செய்யுங்கள். அந்தக் கைக்குக் கொடுப்பதன் இன்பம் தெரியட்டும்.

சூதின் மூலம் பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கி, இறைநினைவையும் தொழுகையையும் விட்டு நம்மைத் தடுப்பதே ஷைத்தானின் நோக்கம் என்று 5:91 எச்சரிக்கிறது. தந்தைக்குத் தெரியாமல் பணம் எடுக்கும் மகன், மகனை நம்ப முடியாத தந்தை, இருவருக்கும் நடுவே அழும் தாய் என்று ஒரு வீடு ஆகிவிடுமானால், அப்பகைமை அவ்வீட்டில் நுழைந்துவிட்டது என்று பொருள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பொருளையும் நம் மக்களையும் எல்லா வகைச் சூதிலிருந்தும் பாதுகாப்பானாக! ஹலாலான சிறிதைக் கொண்டு மனநிறைவு பெறும் பாக்கியத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.