அடிவாரத்தில் தேங்கும் குளிர்

மார்கழி பிறந்தால் அயோத்தியாப்பட்டணத்துக்காரர்கள் குளிரைத் தேடி ஏற்காடு ஏறுவார்கள். இந்த முறை எதிர்த்திசையில், வாழப்பாடி, பேளூர் தாண்டிப் புழுதிக்குட்டைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அருநூற்றுமலையிலிருந்து இறங்கிவரும் வசிஷ்ட நதியை அங்கே ஆனைமடுவு அணை மறித்து நிற்கிறது. உயரம் 67.25 அடி, கொள்ளளவு 267 மில்லியன் கன அடி. மேட்டூர் அணைக்கு முன்னால் இது சின்னஞ்சிறியதுதான். ஆனால் குளிர் எப்படி உருவாகிறது, எங்கே தங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை என்பேன்.

உயரே போகப் போகக் குளிரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேகமும் காற்றும் இல்லாத பனிக்கால இரவில் தரையை ஒட்டி இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்; தெளிந்த வானம் அவ்வளவாக அனுப்பாது. தரை ஆறியதும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் ஆறும். ஆறிய காற்று கனமானது. ஆகவே மலைச் சரிவில் மெல்ல வழிந்து அடிவாரத்தில் வந்து தேங்கும். மேட்டுக்காட்டைவிடப் பள்ளத்துக்காட்டில் பனி அதிகம் என்று விவசாயிகள் சொல்வது இதனால்தான். இப்படி அடியில் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அமைவதை ‘வெப்பநிலைத் தலைகீழாக்கம்’ என்கிறார்கள்.

கரைமேல் நடந்துகொண்டே தண்ணீரைக் கவனியுங்கள். கடுங்குளிர் நாளில் நீர்ப்பரப்பிலிருந்து மெல்லிய வெண்புகை இழை இழையாக எழும், ஓர் ஆள் உயரம் போவதற்குள் கரைந்துவிடும். ஒரே எடையுள்ள மண்ணையும் நீரையும் எடுத்துக்கொண்டால், நீரை ஒரு டிகிரி சூடாக்க உலர்ந்த மண்ணுக்குத் தேவையானதைப்போல ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம் வேண்டும். ஆறுவதும் அதே நிதானத்தில்தான். அதனால் கரை சில்லிட்டுக் கிடக்கும்போதும் அணைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஈரக்காற்று, மேலே நிற்கும் குளிர்காற்றில் கலந்ததும் நுண்துளிகளாகிவிடும். நாம் பார்ப்பது அந்தத் துளிகளைத்தான். நீராவி கண்ணுக்குத் தெரியாது.

இனி மலையைப் பாருங்கள். பக்கத்துச் சரிவு பச்சை, அதன் பின்னால் நிற்பது நீலம், அதற்கும் அப்பால் வெளிறிய சாம்பல். மரங்களின் நிறம் மாறவில்லை. இடையிலுள்ள காற்று சூரிய ஒளியின் நீலத்தை அதிகம் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக்கூட அந்த நீலமும் தூசின் வெளுப்பும் கூடும். மழை விட்ட மறுநாள் மலை கிட்டே வந்தாற்போலத் தோன்றுவது, தூசு கழுவப்பட்டிருப்பதால்.

சில காலைகளில் மலை உச்சி துல்லியமாகத் தெரியும். அடிவாரம் மட்டும் மங்கியிருக்கும். ஊருக்குள் யாரோ சருகு கொளுத்தியிருப்பார்கள். புகை கொஞ்ச தூரம் நேராக ஏறும். பிறகு திடீரென்று மடங்கிப் படுக்கைவாட்டில் பரவும். மேலேயுள்ள வெப்பக் காற்று, பானைக்கு மூடி போட்டாற்போல அதை அமுக்கிவிடுகிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகே அந்த மூடி திறக்கும். அதுவரை புகை முழுவதும் நாம் மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கும்.

போகியன்று விடியுமுன் பழைய பாயும் டயரும் எரிக்கிறோமே, அது சரியாக இந்த மூடி இறுகியிருக்கும் நேரம். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அன்று படும் பாட்டை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். டயரையும் பிளாஸ்டிக்கையும் எந்த நாளிலும் எரிக்காதீர்கள். சருகை எருக்குழியில் போட்டு மக்க விடுங்கள். மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்களை நடைக்கு அழைத்துப் போவதானால், வெயில் நன்றாக ஏறிய பிறகு அழைத்துப் போங்கள்.