ஒரே அண்டா, பல தட்டு! (கம்ப்யூட்டர் லேப் சிறப்புக் கட்டுரை)



லேப் பீரியடு ஆரம்பிச்சதும் தினமும் கேட்கிற குரல் எது தெரியுமா? "மிஸ், எனக்குத் தமிழ் வரல!" பக்கத்து சிஸ்டத்தில் வரும், இதில் வராது. ஏன், அதே சிஸ்டத்தில் ஒன்பதாம் வகுப்பு அக்கவுன்ட்டில் வரும், பத்தாம் வகுப்பு அக்கவுன்ட்டில் வராது! இதற்குக் காரணம் பேய் பிசாசு அல்ல. என்ன காரணம், அதை எப்படிச் சரி செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யூசர் அக்கவுன்ட் எதற்கு?

ஒரு கம்ப்யூட்டரைப் பல பேர் பயன்படுத்தும்போது ஆளுக்கொரு அறை கொடுப்பதுதான் யூசர் அக்கவுன்ட். நான் சேமித்த ப்ராஜெக்ட்டை நீங்கள் அழிக்க முடியாது. உங்கள் ஃபைலை நான் திறக்க முடியாது. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் காலத்திலிருந்தே இந்த முறை வளர்ந்து வந்திருக்கிறது. "எல்லாருக்கும் ஒரே அக்கவுன்ட் போட்டுட்டா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ப்ராக்டிகல் நேரத்தில் யார் ஃபைல் யாருடையது என்றே தெரியாது!

சிக்கல் எங்கே?

அக்கவுன்ட் தனியாக இருப்பதால் அதன் அமைப்புகளும் (செட்டிங்ஸ்) தனித்தனி. தமிழ்99 விசைப்பலகை, எழுத்துரு, பிரவுசரின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒவ்வோர் அக்கவுன்ட்டிலும் வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் 5 அக்கவுன்ட் என்றால் 50 தடவை. ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 150 நிமிடம். ஏறக்குறைய 4 பீரியடு அவுட்!

எழுத்துரு விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த ஒரு பதிப்பிலிருந்து, எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அந்த ஒரு அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான் போகும். அதில் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை வேறு அக்கவுன்ட்டில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும். நிறுவும்போது எழுத்துரு ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, 'எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. (யுனிகோடில் அடித்தால் எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். அது இன்னும் நல்லது.)

அண்டாவும் தட்டும்

ஹாஸ்டலில் சாம்பார் ஒரே அண்டாவில்தான் கொதிக்கிறது. உப்பு குறைவாகப் பட்டால் அவரவர் தட்டில் போட்டுக்கொள்கிறோம். ஒருவருக்கு உப்பு வேண்டும் என்று அண்டாவில் கொட்டுவோமா? கம்ப்யூட்டரிலும் அதே கதைதான்.

1. அண்டா: சிஸ்டம் முழுவதற்குமான பொது அமைப்பு. லினக்ஸில் இது பெரும்பாலும் 'ஈடிசி' என்ற ஃபோல்டரில் இருக்கும். எல்லாரும் படிக்கலாம், அட்மின் மட்டுமே மாற்றலாம்.

2. தட்டு: அவரவர் சொந்த அமைப்பு. லினக்ஸில் அவரவர் 'ஹோம்' ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்களில் இருக்கும்.

3. மூடி: யாரும் மாற்றக் கூடாது என்று அட்மின் போடும் பூட்டு.

மென்பொருள் முதலில் அண்டாவைப் பார்க்கும். பிறகு தட்டைப் பார்க்கும். தட்டில் வேறு மாதிரி இருந்தால் தட்டுக்கே மதிப்பு. பூட்டுப் போட்டிருந்தால் மட்டும் அண்டாதான் ஜெயிக்கும். அவ்வளவுதான் ரகசியம்!

நகல் வேறு, பலகை வேறு

லினக்ஸில் 'ஸ்கெல்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஸ்கெலிட்டன், அதாவது எலும்புக்கூடு என்பதன் சுருக்கம். புது அக்கவுன்ட் தொடங்கும்போது இதில் உள்ளவை அப்படியே நகலாகப் போய்ச் சேரும். விண்டோஸில் 'டீஃபால்ட்' என்ற ப்ரொஃபைல் இதே வேலையைச் செய்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகல் எடுப்பது ஒரே ஒரு முறைதான். டைம்டேபிளை நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு அது மாறினால் நோட்டில் உள்ளது தானாக மாறுமா? மாறாது. நோட்டீஸ் போர்டில் உள்ளதை மாற்றினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அதனால் அடிக்கடி மாறக்கூடியதை ஸ்கெலில் வைக்காமல் பொது அமைப்பில் வைப்பதே நல்லது. உதாரணமாக, ஃபயர்ஃபாக்ஸில் 2018-ல் வந்த 60-ஆம் பதிப்பிலிருந்து 'பாலிசீஸ்' என்ற ஒரே ஃபைலில் முதல் பக்கத்தையும், பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்ற கட்டளையையும் எழுதி வைத்தால், அந்தக் கம்ப்யூட்டரின் எல்லா அக்கவுன்ட்டுக்கும் அது பொருந்தும்.

இதைச் செய்யாதீர்கள்!

"ஒருத்தரோட செட்டிங்ஸ் ஃபோல்டரையே எல்லாருக்கும் திறந்து விட்டுட்டா என்ன?" என்று கேட்கலாம். கூடவே கூடாது. ஒருவர் கெடுத்தால் எல்லாருக்கும் கெடும். பிரவுசர் ஃபோல்டரில் அமைப்பு மட்டும் இருப்பதில்லை. சேமித்த பாஸ்வேர்டும் இருக்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு மாணவியின் பாஸ்வேர்டு எல்லார் கையிலும் போய்விடும்!

எல்லாவற்றையும் பூட்டுவதும் தப்பு. என் தோழி இடது கைப் பழக்கம் உள்ளவள். மவுஸ் பட்டன்களை மாற்றி வைத்துத்தான் வேலை செய்வாள். அது அவள் தட்டு. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

மற்ற இடங்களில்?

கேரளாவில் அரசின் 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரே இயங்குதளத்தைப் பாட மென்பொருள்களோடு தயாராக்கிப் பள்ளிகளுக்குத் தருகிறது. நம் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில், விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அண்ணன், அக்கா வாங்கிய லேப்டாப் வீட்டில் இருந்தால் திறந்து பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்?

டவுனில் இருப்பவர்கள் வீட்டிலோ சென்டரிலோ போய் அடித்துப் பார்ப்பார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற நம் தோழர்கள் பலருக்குக் கம்ப்யூட்டர் என்றால் இந்த லேப் மட்டும்தான். வாரத்தில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலும் பாதி, தமிழை வரவைப்பதற்கே போனால் அவர்கள் எப்போது பழகுவது? கீபோர்டைப் பார்த்து "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். வராதது அவர்களுக்கு அல்ல, அந்த அக்கவுன்ட்டுக்கு!

ஆகவே ஆசிரியர்களுக்குப் பணிவான வேண்டுகோள்:

* தமிழ்99, எழுத்துரு, முதல் பக்கம் மூன்றையும் பொது அமைப்பில் வையுங்கள்.
* ஒரு சிஸ்டத்தில் இரண்டு அக்கவுன்ட்டில் சோதித்த பிறகு மற்றதில் செய்யுங்கள்.
* என்ன மாற்றினோம் என்பதை லேப் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.
* அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். (எங்களிடம் வேண்டாம், சார்!)

மூளைக்கு வேலை: பொது அமைப்பில் எழுத்தின் அளவு 12. பூட்டு இல்லை. கவிதா தன் அக்கவுன்ட்டில் 16 என்று வைத்தாள். பிறகு அட்மின் பொது அளவை 14 ஆக்கினார். கவிதாவுக்கு இப்போது எவ்வளவு தெரியும்? விடையைச் சுவர் இதழ் பெட்டியில் போடுங்கள்!

சாம்பார் பொதுவாகட்டும், தட்டு நமதாகட்டும்!

— பிளஸ் டூ மாணவி, கணினி அறிவியல் பிரிவு