கடல் கடந்த ஆட்டங்கள் – 6: ஐந்து குணங்களும் ஒரு கணிப்பொறியும்

அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்லுகிற ஆட்டத்தின் விதிகளைச் சென்ற வாரம் ஒருவாறு பார்த்தோம். அதைத் தொழிலாக நடத்துகிற 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை வசந்த காலத்தில், கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிற வைபவம் ஒன்று உண்டு. டிராஃப்ட் என்பது அதன் பெயர். முந்தைய பருவத்தில் மிகவும் தோற்றுப்போன அணிக்கு முதல் உரிமை. வாகை சூடிய அணிக்குக் கடைசி உரிமை. இவ்வாறு ஏழு சுற்று. ஓர் அணி தன் முறையை வேறோர் அணிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வேறு முறைகளையோ வீரர்களையோ பெற்றுக்கொள்வதும் உண்டு. எந்த ஊருக்குப் போய் ஆடச் சம்மதம் என்று அந்த இளைஞனை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு மூல புருஷர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். பணமுள்ள அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் வளைத்துக்கொள்ள, தம்முடைய அணியோ தோற்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தபடியால்தான் அவருக்கு இந்த யோசனை உதித்தது என்பதில் சந்தேகமில்லை; ஆயினும் சுயநலத்தின் வயிற்றில் பிறந்த நியாயங்கள் உலகத்தில் அநேகம். 1936 பிப்ரவரி 8ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ரிட்ஸ்-கார்ல்ட்டன் ஹோட்டலில் ஒன்பது அணிகள் கூடி, ஒன்பது சுற்றுகளில் 81 பேரைத் தேர்ந்தெடுத்தன. முதற் பெயர், 1935இல் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவரென்று பரிசு பெற்ற சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் காலடி வைக்காமல், பின்னாளில் நுரை ரப்பர் வியாபாரத்தில் பிரவேசித்துச் சௌக்கியமாக இருந்தார்.

அக்காலத்தில் தேர்வுக்குப் பிரமாணமென்று சொல்லத்தக்கவை பத்திரிகைச் செய்தியும் பழகிய பயிற்சியாளரின் வாய்ச்சொல்லுமே. அந்த நிலையை மாற்றியவர்களில், நம் நாட்டவர் ஒருவர் இருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1960இல் புதிதாகத் தோன்றிய டாலஸ் கௌபாய்ஸ் அணியின் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம், வீரர்களைப் பற்றிய அபிப்பிராயங்களைக் கணிப்பொறியில் இட்டுச் சலித்துப் பார்க்கலாகாதா என்று எண்ணி, ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளையொன்றை நாடினார். அங்கே அவருக்கு வாய்த்தவர், அலிகார் பல்கலைக்கழகத்தில் பயின்ற புள்ளியியல் நிபுணர் சலாம் குரேஷி. குரேஷிக்குக் கிரிக்கெட் தெரியும். அமெரிக்கக் காற்பந்து தெரியாது. ஷ்ராமுக்கோ ஆட்டம் தெரியும், இயந்திரம் தெரியாது. இந்த இருவகை அறியாமையே அந்த முயற்சிக்கு அனுகூலமாயிற்று என்பது என் எண்ணம். ஏனெனில் ஆட்டத்தில் ஊறியவர்கள் கேட்க வெட்கப்படுகிற கேள்வியைக் குரேஷி கூச்சமின்றிக் கேட்டிருப்பார்: நல்ல வீரன் என்றால் என்ன?

நூற்றுக்கணக்கான லட்சணங்களை எழுதிவைத்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்குவனவற்றைக் கழித்துக் கழித்து, கடைசியில் அவர்கள் ஐந்தில் வந்து நின்றார்கள்: ஒழுக்கம், சுறுசுறுப்பும் உடலைத் தன் வசத்தில் வைத்திருக்கும் திறமும், போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, வலிமையும் அதனை ஒரு நொடியில் பிரயோகிக்கும் வேகமும். உயரம், எடை, ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றும் அளவுகோலுக்குக் கட்டுப்படுவன. இந்த ஐந்தோ மனிதக் கண்ணால் மட்டுமே காணத்தக்கன. ஆகவே நாடெங்கும் சென்று கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிற ஸ்கவுட்டுகளிடம், ‘பையன் நல்ல துடிப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், குறித்த வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். இயந்திரத்தைவிட இந்த வினாத்தாளே பெரிய சாதனை என்பேன்.

பலன் என்னவென்று கேட்கலாம். 1963 டிசம்பரில் நடந்த ஒரே தேர்வில் டாலஸ் அணி எடுத்தவர்களில் மூவர் பிற்காலத்தில் கேன்ட்டன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். மெல் ரென்ஃப்ரோ இரண்டாம் சுற்றில் வந்தவர். ஏழாம் சுற்றில் வந்த பாப் ஹேய்ஸ், அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர். பத்தாம் சுற்றில் வந்த ரோஜர் ஸ்டாபக் எந்த ஸ்கவுட்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லாதவர். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் பரிசையே பெற்றவர். ஆனால் கடற்படைக் கல்விக்கழகத்து மாணவரானபடியால் பட்டம் பெற்றபின் ஆண்டுக்கணக்கில் சேவை செய்தாக வேண்டும். அதனால் மற்ற அணிகள் பின்வாங்கின. டாலஸ் காத்திருந்தது, அவர் 1969இல்தான் வந்தார். இந்தத் தேர்வில் வெளிப்பட்டது கூரிய பார்வையன்று, பொறுமை; பொறுமைக்கு மதிப்பெண் போடும் இயந்திரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பிறகு அளவெடுக்கும் மோகம் தலைக்கேறிற்று. 1987 முதல் ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர்களை வரவழைத்து, 40 கெஜம் ஓடச் செய்து, 225 பவுண்டு இரும்பைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று எண்ணி, நின்ற நிலையில் எகிறச் செய்து பார்க்கிறார்கள். 12 நிமிஷத்தில் 50 கேள்விகளுக்கு விடையளிக்கும் பரீட்சையொன்றும் நெடுநாள் இருந்து, 2022இல் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அங்கே 40 கெஜத்தை 5.28 வினாடியில், அதாவது மிக மெதுவாக, ஓடிய மிச்சிகன் பல்கலைக்கழகத்து இளைஞர் ஒருவர் 199ஆவது பெயராகத் தேர்வு பெற்று, பின்பு பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஏழு வெற்றிகளில் பங்குகொண்டார். டாம் பிரேடி என்னும் அவரைப் பற்றிப் பேசுவோர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குகளில் அவருக்கு முன் தேர்வான ஆறு பேரின் பெயரை அடுக்கி, அவர்களை எடுத்தவர்களைப் பரிகசிப்பார்கள். அவரை எடுத்த நியூ இங்கிலாந்து அணியே அவருக்கு முன் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. உண்மையாகவே அறிந்திருந்தால் ஆறாம் சுற்றுவரை யார் காத்திருப்பார்கள்?

மறுபக்கத்துக்கு ரயன் லீஃப். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அமைந்த வரனைப்போல் உயரம், எடை, கைவலிமை எல்லாம் பொருந்தியவர். 1998இல் பேட்டன் மேனிங்கா லீஃபா என்று நாடே பட்டிமன்றம் நடத்திற்று. இண்டியானாபோலிஸ் அணி முதல் முறையில் மேனிங்கை எடுத்தது. லீஃபைப் பெறுவதற்காக, மூன்றாம் இடத்திலிருந்த சான் டியேகோ ஒரே ஒரு படி ஏற, தன் மூன்றாம் இடத்தோடு அவ்வாண்டின் இரண்டாம் சுற்று, அடுத்த ஆண்டின் முதற் சுற்று, இரண்டு வீரர்கள் அனைத்தையும் அரிசோனாவுக்கு அள்ளிக்கொடுத்தது. அந்தப் பருவத்திலேயே கேன்ஸஸ் சிட்டியில் நடந்த ஓர் ஆட்டத்தில் லீஃப் எறிந்த 15 பந்துகளில் ஒன்றுதான் தன் ஆள் கைக்குப் போயிற்று. 2001க்குப் பிறகு அவர் ஆடவில்லை. மேனிங் ஐந்து முறை லீகின் சிறந்த வீரரானார்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும், களத்தில் ஓர் இடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவன் அதே இடத்துக்கு அடுத்து எடுக்கப்பட்டவனைவிட மேலாக ஆடும் சாத்தியம் 52 சதவீதமே என்று கணக்கிட்டனர். காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் 2 சதவீதமே வித்தியாசம். ஆகவே மேலே ஏறுவதற்காக முறைகளை விற்பதைவிட, கீழே இறங்கி அதிக முறைகளைச் சேர்ப்பதே விவேகம் என்பது அவர்கள் முடிவு. நிபுணர்களுக்குக் கண் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கணிப்பு பொய்ப்பதில் குற்றமுமில்லை. தமக்கு நிச்சயமாகத் தெரியும் என்ற நினைப்பில் சான் டியேகோ கொடுத்ததுபோன்ற விலையைக் கொடுக்கிறார்களே, அதுதான் பெருங்குற்றம்.

ஏழு சுற்றிலும் பெயர் வாராமல் போய், அயோவா மாநிலத்து மளிகைக் கடையொன்றில் இரவு வேளையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்து, பின்பு சூப்பர் பௌலின் சிறந்த வீரரென்ற பரிசையே பெற்ற கர்ட் வார்னரின் கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.