எப்.எம். நின்று போனால் உங்கள் ரேடியோ செட் என்ன ஆகும்?

கேசட்டில் இருந்த பாட்டு எம்.பி.3 பைலாக மாறியதை நாம் அறிவோம். ரேடியோ ஒலிபரப்பும் அதே போல அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறி வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டை மாற்றுவது உங்கள் விருப்பம். எப்.எம். ஒலிபரப்பை நிறுத்துவது அரசின் முடிவு. நிறுத்திய அன்று வீட்டிலுள்ள பழைய செட்டில் வெறும் இரைச்சல்தான் வரும்.

எப்.எம். முறையில் ஒரு நிலையத்திற்கு ஓர் அலைவரிசை வேண்டும். ஐரோப்பாவில் பரவியுள்ள டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் முறையில் ஒலி பைலைப் போலச் சுருக்கப்பட்டு, பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கட்டாக அனுப்பப்படுகின்றன. சிக்னல் குறைந்தால் எப்.எம். இரையும், ஆனாலும் பேச்சு புரியும். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாகக் கேட்கும், பிறகு திடீரென்று நின்றுவிடும்.

இந்த மாற்றத்தை நார்வே தேதி குறித்துச் செய்தது. மலைகள் நிறைந்த நாடு அது. எப்.எம்.மில் நாடு முழுவதற்கும் 5 நிலையங்களே இருந்தன. டிஜிட்டலில் 20க்கு மேல் கிடைத்தன. இரண்டு வகை டிரான்ஸ்மிட்டர்களையும் பராமரிப்பது வீண் செலவு என்பது அரசின் வாதம். 2017 ஜனவரி 11 அன்று நூர்லான் மாவட்டத்தில் தொடங்கி, அந்த டிசம்பருக்குள் தேசிய நிலையங்கள் அனைத்தும் எப்.எம்.மை விட்டு வெளியேறின. சிறிய உள்ளூர் நிலையங்கள் பல மட்டும் அதிலேயே தொடர்ந்தன. காரில் பழைய ரேடியோ வைத்திருந்தவர்கள் தங்கள் செலவில் அடாப்டர் வாங்க வேண்டியிருந்தது. நிறுத்துவதற்குச் சற்று முன் நடந்த கருத்துக் கணிப்பில் 66 சதவீதம் பேர் இதை எதிர்த்திருந்தனர்.

பிரிட்டன் அவசரப்படவில்லை. அங்கே பி.பி.சி. 1995லேயே டி.ஏ.பி. தொடங்கிவிட்டது. 2015ஐ இலக்காக வைத்தார்கள். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பங்காவது டிஜிட்டலுக்கு வந்து, டிஜிட்டல் சிக்னலும் எப்.எம். அளவுக்குப் பரவ வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அது நிறைவேறாததால் 2013ல் முடிவைத் தள்ளி வைத்தார்கள். 2018ல் பாதி தாண்டிய பிறகும்கூட, குறைந்தது 2030 வரை எப்.எம். தொடர வேண்டும் என்று 2021ல் வெளியான ஆய்வறிக்கை கூறியது. நிலையங்களுக்கு இது இரட்டைச் செலவுதான். இருந்தாலும் நான் இந்த வழியையே ஆதரிப்பேன். செட்டுக்குப் பணம் கொடுத்தவர் கேட்பவரல்லவா?

டிஜிட்டல் செட் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. முதலில் வந்த டி.ஏ.பி. ஒலியைச் சுருக்க எம்.பி.2 முறையைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த டி.ஏ.பி. பிளஸ், ஏ.ஏ.சி. வகையைப் பயன்படுத்துகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பைல் பாடவில்லை என்றால், அதற்குரிய கோடெக்கை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுவீர்கள். பழைய ரேடியோ செட்கள் பெரும்பாலானவற்றில் அதற்கு வழியில்லை. ஆரம்பத்தில் ஆர்வத்துடன் வாங்கியவர்களின் செட்டில் புதிய நிலையங்கள் கேட்காமல் போனது இதனால்தான். ஐரோப்பிய யூனியன் ஒரு நல்ல வேலை செய்தது: 2020 டிசம்பர் முதல் ரேடியோ உள்ள புதிய கார்கள் டிஜிட்டலையும் வாங்கும் திறனுடன் வர வேண்டும் என்றது. செட் தயாராகும் இடத்திலேயே பிடித்தால் வாங்குபவருக்குச் சிரமம் குறைவு.

நம் நாட்டில் ஆகாசவாணி மீடியம் வேவ் ஒலிபரப்புக்கு டி.ஆர்.எம். என்ற வேறொரு டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தது. தனியார் எப்.எம். நிலையங்கள் அனலாக், டிஜிட்டல் இரண்டையும் சேர்த்தே ஒலிபரப்பலாம் என்றும், அனலாக்கை நிறுத்தும் தேதியைப் பிறகு முடிவு செய்யலாம் என்றும் 2025 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. எனவே லண்டனிலிருந்து உறவினர் டி.ஏ.பி. ரேடியோ வாங்கி வரட்டுமா என்று கேட்டால், அதில் எப்.எம். உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இங்கே அந்தப் பகுதி மட்டும்தான் பாடும்.